ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் கண்ணைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கருவிழி, கண்பாவை, விழிலென்சு, விழித்திரை ஆகியவற்றைக் கேமராவின் உறுப்புகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டி, கண் என்பது இயற்கை நமக்குத் தந்த கேமரா என்று அக்கட்டுரை முடிந்திருந்தது. படம் தெளிவாக இருந்தது. நடையும் மாணவர்களுக்கு ஏற்றதாக இருந்தது. அதே ஒப்பீட்டை நானும் அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராக 31 ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து வந்தவன். எனவே கட்டுரையாளரைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. அந்த ஒப்பீடு விழித்திரையோடு முடிந்துவிடுகிறது; பார்த்தல் என்ற செயலோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் பிற்பகுதியைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நாம் சொல்லாமல் விட்டுவிடுவதால், உறுப்பளவில் எந்தப் பழுதும் இல்லாத ஒரு கண்ணின் பார்வையை எத்தனையோ குழந்தைகள் இழக்கிறார்கள். என் பேரனும் அவர்களில் ஒருவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கேமரா ஒப்பீடு எதுவரை பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் நுழையும் ஒளியை, கண்ணின் முன்புறத்தில் தெளிந்த படலமாக இருக்கும் கருவிழியும் (கார்னியா) லென்சும் சேர்ந்து குவிக்கின்றன. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேலையைக் கருவிழியே செய்துவிடுகிறது. விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழாக இருக்கும் என்பதை 1604ஆம் ஆண்டிலேயே ஜொஹான்னஸ் கெப்ளர் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். பின்னர் கிறிஸ்டோஃப் ஷைனர், அறுத்தெடுத்த மாட்டுக் கண்ணின் பின்புறத்தைச் சுரண்டி மெல்லியதாக்கி, அந்தத் தலைகீழ்ப் பிம்பத்தை நேரிலேயே பார்த்தார். இவ்வளவுக்கும் கேமரா ஒப்பீடு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அந்தப் பிம்பம் எப்படிப் பார்வையாகிறது என்ற கேள்விக்கு வந்தபோது, அதை ஆராய்வதை இயற்கைத் தத்துவ அறிஞர்களுக்கு விட்டுவிடுவதாகச் சொல்லிக் கெப்ளர் அங்கேயே நின்றுகொண்டார்.

ஆசிரியர்களான நாங்கள் அவ்வாறு நிற்கவில்லை. "சார், படம் தலைகீழா விழுந்தா நமக்கு ஏன் நேராத் தெரியுது?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவனோ மாணவியோ கேட்காமல் இருந்ததில்லை. மூளை அதைத் திருப்பி நிமிர்த்திவிடுகிறது என்று நான் விடை சொல்வேன், பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். அந்த விடையில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. மூளைக்குள் ஒரு திரை இருப்பது போலவும், அதில் விழும் படத்தை உள்ளே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் பார்ப்பது போலவும் அது எண்ண வைக்கிறது. அப்படியானால் உள்ளே இருப்பவரின் கண் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு முடிவே இல்லை. உண்மையில் விழித்திரையைத் தாண்டிப் படம் என்று எதுவும் போவதில்லை. நரம்பு இழைகளின் வழியே மின்துடிப்புகள்தான் போகின்றன. அந்தத் துடிப்புகளில் எது மேல், எது கீழ், எது அருகில், எது தொலைவில் என்பதையெல்லாம் கையும் காலும் காதும் தரும் அனுபவத்தோடு பொருத்திப் பொருத்தி மூளை கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்கிறது என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இதைப் புரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். கையில் இருக்கும் இந்த நாளிதழே போதும். இந்த வரியில் ஏதேனும் ஒரு சொல்லின் மேல் பார்வையை நிறுத்தி, கண்ணை அசைக்காமல், மூன்று வரிகளுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முயன்று பாருங்கள். எழுத்து இருப்பது தெரியும். என்ன எழுத்து என்பது தெரியாது. கையை நேராக நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தை மட்டுமே நம் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்க்கிறது. அந்தச் சிறு வட்டத்தை வினாடிக்கு மூன்று நான்கு முறை இடம் மாற்றி மாற்றி வைத்துத்தான் எதிரே இருக்கும் முகத்தையும் தெருவையும் பார்க்கிறோம். கண் இப்படித் தாவும் கணங்களில் வரும் மங்கலான செய்தியை மூளை அடக்கிவிடுகிறது. நிலைக்கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவதை உங்களால் ஒருபோதும் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது தெளிவாகத் தெரியும். ஆயினும் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில், மூலை முடுக்கெல்லாம் துலக்கமாக, ஆடாமல் அசையாமல் நம் முன் விரிந்திருப்பதாகவே நாம் உணர்கிறோம். அந்த உணர்வை உண்டாக்கித் தருவது மூளை.

நிறத்திலும் இப்படித்தான். வெள்ளை வேட்டியின் மேல் மாலை வெயில் விழும்போது அதிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி மஞ்சளும் சிவப்பும் கலந்தது. நீல வானத்தின் கீழ் சுவர் நிழலில் நிற்கும்போது வரும் ஒளியில் நீலம் மிகுந்திருக்கும். அந்த ஒளியை அளந்தால் வேறுபாடு மிகப் பெரியது. ஆனாலும் இரண்டு இடத்திலும் வேட்டி வெள்ளையாகவே தெரிகிறது. இந்த நேரத்தில் இப்படிப்பட்ட வெளிச்சம் விழுகிறது, அதைக் கழித்துவிட்டால் துணியின் நிறம் இதுதான் என்று மூளை நமக்குத் தெரியாமலே கணக்குப் போட்டுவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை, நாம் அறியாமலே நிகழும் ஊகம் என்று விளக்கினார். அவரது விளக்கத்தில் பின்னாளில் பல திருத்தங்கள் வந்திருந்தாலும், அந்த அடிப்படைக் கருத்து இன்றும் நிலைத்து நிற்கிறது.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் ஏறத்தாழ பத்துக் கோடி இருக்கின்றன. அவற்றின் செய்தியைச் சுமந்து செல்லும் பார்வை நரம்பிலோ பத்து, பன்னிரண்டு லட்சம் இழைகளே உள்ளன. அதாவது கண்ணிலிருந்து வெளியேறும்போதே செய்தி வடிகட்டப்பட்டு, சுருக்கப்பட்டுத்தான் போகிறது. அந்த இழைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் விழும் எதுவும் நமக்குத் தெரியாது. எட்மே மாரியோட் என்ற பிரெஞ்சு அறிஞர் 1660களில் இந்தக் குருட்டுப்புள்ளியைக் கண்டறிந்து சொல்லும்வரை, மனிதர் ஒவ்வொருவரும் இரு கண்ணிலும் ஒரு வெற்றிடத்தை வைத்துக்கொண்டே அதை அறியாமல் வாழ்ந்திருக்கிறார்கள். ஒரு கண்ணை மூடினாலும் எதிரே ஓட்டை எதுவும் தெரிவதில்லை; சுற்றியிருப்பதைக் கொண்டு அந்த இடத்தை மூளை நிரப்பிவிடுகிறது.

இந்தக் குருட்டுப்புள்ளிச் சோதனையைச் செய்து காட்டப்போய்த்தான் என் பேரனின் குறை எனக்குத் தெரியவந்தது. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், மின்சாரம் போயிருந்த ஒரு பிற்பகல் வேளையில், திண்ணையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் ஒரு பெருக்கல் குறியும், அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளியும் போட்டேன். இரண்டும் கடுகைவிடச் சற்றே பெரியவை. இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் பெருக்கல் குறியையே பார்த்தபடி, தாளை முகத்துக்கு அருகில் மெல்லக் கொண்டுவரச் சொன்னேன். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவு வந்ததும் புள்ளி மறைந்தது. "தாத்தா, காணாமப் போச்சு!" என்று அவன் துள்ளினான். இப்போது வலக்கண்ணை மூடிக்கொண்டு, இடக்கண்ணால் புள்ளியைப் பார், பெருக்கல் குறி மறையும் என்றேன். அவன் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினான், தலையைச் சாய்த்தான், மூடியிருந்த கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினான். பிறகு, "எந்தப் புள்ளி தாத்தா? தாள்ல ஒண்ணுமே இல்லையே" என்றான்.

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். நாள்காட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்த தேதியைக் காட்டினேன். அதையும் அந்தக் கண்ணால் அவனால் சொல்ல முடியவில்லை. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பை முடித்திருந்தான். வாசிப்பில் வகுப்பிலேயே முன்னணியில் இருப்பவன். பந்து பிடிக்கும்போது தவறவிடுவான். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது சில நேரம் வெளியே சிந்துவான். கவனக்குறைவு என்று நாங்கள் கடிந்துகொண்டிருக்கிறோம். அவன் படித்த பள்ளியில் ஒரு முறை கண் பரிசோதனையும் நடந்திருக்கிறது. அட்டையில் இருந்த எழுத்துகளை இரண்டு கண்ணையும் திறந்து வைத்தபடியே படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி வரிவரை அவன் தடையின்றிப் படித்துவிட்டான். பார்வை இயல்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, பாவையை விரித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பரிசோதித்தார். வலக்கண்ணுக்கு ஏறக்குறையப் பவரே இல்லை. இடக்கண்ணுக்குப் பிளஸ் ஐந்து. ஆறு மீட்டரில் நின்றால் அட்டையின் உச்சியில் இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்து மட்டுமே இடக்கண்ணுக்குத் தெரிந்தது. மருத்துவ வழக்கில் அது 6/60; அதாவது இயல்பான கண் 60 மீட்டரிலிருந்தே படிக்கும் எழுத்தை அந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கிறது. சரியான கண்ணாடியைப் போட்ட பிறகும் அந்த எண் மாறவில்லை. அதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. பவர் குறைந்தால் கண்ணாடி, கண்ணாடி போட்டால் பார்வை என்றுதானே கேமரா கற்றுத் தந்திருக்கிறது? மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கருவிழியில் மாசு இல்லை. லென்சு தெளிவாக இருக்கிறது. விழித்திரையிலும் நரம்பிலும் குறை இல்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கண் மங்கலான செய்தியையே அனுப்பி வந்திருப்பதால், மூளை அதை ஒதுக்கிவிட்டு வலக்கண்ணை மட்டும் நம்பக் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது கண்ணாடி தெளிவான செய்தியைத் தந்தாலும் அதைப் படிக்க மூளைக்குத் தெரியவில்லை என்றார்.

இதன் மருத்துவப் பெயர் ஆம்ப்லியோபியா. தமிழில் சோம்பேறிக் கண் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரை நான் ஏற்கவில்லை. அந்தக் கண்ணும் சோம்பேறி இல்லை, அந்தக் குழந்தையும் சோம்பேறி இல்லை. பெயரைக் கேட்டதும், பிள்ளை இன்னும் கொஞ்சம் முயன்றால் பார்த்துவிடும் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். இரு கண்களுக்கும் பவரில் பெரிய வேறுபாடு இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, பிறவியிலேயே கண்புரை இருந்து ஒளியை மறைத்தாலோ இந்தக் குறை உண்டாகிறது. உலகளவில் நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேர்வரை இதனால் பாதிக்கப்படுகிறார்கள். பவர் வேறுபாட்டால் வருவதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது; கண்கள் இரண்டும் அழகாக, நேராக இருக்கும்; குழந்தைக்கும் குறை தெரியாது, ஏனென்றால் வேறு விதமாகப் பார்த்து அதற்குப் பழக்கமே இல்லை.

இளமையில் ஏன் இவ்வளவு அவசரம் என்பதை அறிவியல் கண்டறிந்த கதையை மாணவர் பக்கத்தில் எழுதினால் பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர், பூனையின் மூளையில் பார்வைக்குரிய பகுதியிலுள்ள ஒரு தனிச் செல்லில் நுண்ணிய மின்முனையைப் பொருத்தி, அந்தச் செல் எதைக் கண்டால் துடிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். புள்ளிகள் வரைந்த கண்ணாடித் தகடுகளை மாற்றி மாற்றிக் காட்டியும் செல் அசையவில்லை. ஒரு தகட்டைக் கருவிக்குள் செருகிய நேரத்தில் சடசடவென்று துடித்தது. அது புள்ளிக்காகத் துடிக்கவில்லை. தகட்டின் விளிம்பு திரையில் வீழ்த்திய மெல்லிய சாய்வுக்கோட்டுக்காகத் துடித்தது. மூளையின் பின்பகுதியில் உள்ள அத்தகைய செல்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கும் விளிம்புக்கும் மட்டுமே விடை சொல்கின்றன என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்தக் கோடுகளிலிருந்துதான் முகமும் மரமும் எழுத்தும் படிப்படியாக உருப்பெறுகின்றன.

அதே இருவரும் 1963இல் வெளியிட்ட ஆய்வுதான் என் பேரனின் கண்ணோடு நேரடியாகத் தொடர்புடையது. பிறந்த பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையை மட்டும் தைத்து மூடி, இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் திறந்தார்கள். அந்தக் கண்ணில் குறிப்பிடத்தக்க கேடு எதுவும் இல்லை. ஆனால் மூளைச் செல்கள் ஏறத்தாழ எல்லாமே திறந்திருந்த கண்ணுக்கு மட்டும் விடை சொன்னன. மூடியிருந்த கண்ணுக்கு உரிய இடத்தையும் மற்றக் கண்ணே எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே போல மூடிவைத்தபோது இந்தக் கேடு நேரவில்லை. மூளை வளைந்து கொடுக்கும் பருவம் ஒன்று உண்டு. அந்தப் பருவத்தில் கிடைக்காத பயிற்சியைப் பிறகு ஈடுசெய்வது கடினம். மனிதக் குழந்தைக்கு அந்தப் பருவம் மாதக் கணக்கில் இல்லாமல் ஆண்டுக் கணக்கில் நீள்கிறது. ஏறக்குறைய ஏழெட்டு வயதுவரை அது நல்ல வேகத்தோடு இருக்கிறது. விலங்குகளை இப்படி வைத்து ஆராய்ந்ததை எண்ணி எனக்கும் மனம் சங்கடப்படத்தான் செய்கிறது. ஆனால் குழந்தைகளின் பிறவிக் கண்புரையைத் தள்ளிப்போடாமல் முதல் சில வாரங்களிலேயே நீக்க வேண்டும் என்று மருத்துவர்கள் இன்று வலியுறுத்துவதற்கு அந்த ஆய்வும் ஒரு பெரிய காரணம். ஹியூபெலுக்கும் வீசலுக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

பார்வை கற்றுக்கொள்ளப்படுவது என்பதற்கு நம் நாட்டிலேயே வலுவான சான்று ஒன்று உள்ளது. அதன் தொடக்கம் 1688இல் அயர்லாந்தின் டப்ளின் நகரத்தவரான வில்லியம் மாலினூ, தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிய கடிதம். மாலினூவின் மனைவி பார்வை இழந்தவர். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டுத் தொட்டு வேறுபடுத்தப் பழகியிருக்கிறார். திடீரென்று அவருக்குப் பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே எது கனசதுரம், எது உருண்டை என்று சொல்வாரா என்பது அவர் எழுப்பிய கேள்வி. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் இதை வாதிட்டுக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் இந்தியரான பவன் சின்ஹா, வட இந்தியச் சிற்றூர்களில் பிறவிக் கண்புரையோடு சிகிச்சையின்றி வளர்ந்த பிள்ளைகளைக் கண்டறிந்து, டெல்லியில் அறுவை சிகிச்சை செய்ய ஏற்பாடு செய்து, அவர்கள் பார்க்கத் தொடங்குவதை ஆராயும் பிரகாஷ் திட்டத்தைத் தொடங்கினார்.

அவருடைய குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் 8 முதல் 17 வயதுவரையிலான ஐந்து பேர் பங்கேற்றனர். பொம்மைக் கட்டைகளால் ஆன உருவங்களைத் தொட்டுப் பார்த்து, அதே உருவத்தைத் தொட்டே அடையாளம் காண அவர்களால் முடிந்தது. பார்த்ததைப் பார்த்தே அடையாளம் காணவும் முடிந்தது. தொட்டதைப் பார்த்து அடையாளம் காணச் சொன்னபோது, பூவா தலையா போட்டுச் சொல்வதைவிட அதிகம் மேம்படவில்லை. ஆனால் சில நாட்களிலேயே, தனிப் பயிற்சி எதுவும் இல்லாமல், அந்தத் திறமை வளரத் தொடங்கியது. மாலினூவின் கேள்விக்கு, உடனே சொல்ல முடியாது, ஆனால் விரைவில் கற்றுக்கொள்வார் என்பதே விடை. இதே திட்டத்தின் வேறோர் ஆய்வு என்னை இன்னும் அதிகமாகச் சிந்திக்க வைத்தது. புதிதாகப் பார்வை பெற்றவர்களுக்குப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு உருவங்கள், வெட்டுண்ட இடத்தையும் சேர்த்து மூன்று துண்டுகளாகத் தெரிந்தன. ஒரு பொருளின் மேல் விழும் நிழல் தனிப் பொருளாகத் தெரிந்தது. பொருள் நகரத் தொடங்கியதும், சேர்ந்து நகரும் பகுதிகளெல்லாம் ஒரே பொருள் என்று அவர்கள் பிரித்தறியக் கற்றார்கள். ஒளி விழுந்தால் போதும், உலகம் தெரிந்துவிடும் என்று நினைக்கிற நமக்கு, நிழலை நிழலென்று காண்பதுகூட ஒரு குழந்தை உழைத்துப் பெற்ற கல்வி என்பது வியப்பாக இருக்கிறது.

என் பேரனுக்குக் கண்ணாடியோடு, நல்ல கண்ணான வலக்கண்ணின் மேல் ஒட்டுப் போட்டு நாளொன்றுக்குச் சில மணி நேரம் மூடிவைக்கும் சிகிச்சையைத் தொடங்கினார்கள். நல்ல கண்ணை மூடினால்தான் மூளை வேறு வழியின்றி மற்றக் கண்ணைக் கவனிக்கும். 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் பரிந்துரைக்கப்பட்ட இந்த எளிய முறையைவிடச் சிறந்த ஒன்று இன்றும் பரவலாக வந்துவிடவில்லை. முதல் நாள் ஒட்டைப் போட்டதும் அவன் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். எங்கள் எல்லோருடைய முகமும் அவனுக்கு மறைந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துப் பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கொடுத்தபோது, தனி எழுத்தைக் காட்டினால் சொன்னான். அதே எழுத்து வரிக்குள் இருந்தால் தெரியவில்லை. "எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது" என்றான். இந்தக் குறையின் இயல்பே அதுதான் என்று மருத்துவர் சொன்னார். முறத்தில் அரிசியைப் பரப்பி அவன் பாட்டியோடு உட்கார்ந்து கல் பொறுக்குவான், மணி கோப்பான், புள்ளிகளை இணைத்துப் படம் வரைவான். ஓராண்டுக்குப் பிறகு இப்போது அந்தக் கண் 6/18 வரை வந்திருக்கிறது. நான்கு வயதில் தெரிந்திருந்தால் நாளுக்கு இரண்டு மணி நேர ஒட்டிலேயே இதைவிட நல்ல பலன் கிடைத்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னதை நான் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்துவிட்டு மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். ஏழு வயதுக்கு மேல் எந்தப் பயனும் இல்லை என்று முன்பு சொல்லி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவில் 7 முதல் 17 வயதுவரை உள்ள 507 பேரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், 12 வயதுவரை உள்ளவர்களில் ஒட்டு உள்ளிட்ட சிகிச்சையைப் பெற்றவர்களில் பாதிப் பேருக்குச் சற்று மேல் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் அது நான்கில் ஒரு பங்காக இருந்தது. ஆகவே வயதாகிவிட்டது என்று தாமாகவே முடிவு செய்துகொள்ளாமல், ஒரு முறை குழந்தைகள் கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

நம் ஊர்ப் பழக்கங்கள் சிலவற்றையும் இங்கே பேசியாக வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிகிச்சைக்கு அழைத்துப் போகாத குடும்பங்களை என் பணிக்காலத்திலேயே பார்த்திருக்கிறேன். வளர வளரத் தானே சரியாகிவிடும் என்பது இன்னொன்று. அந்தப் பிள்ளைகளின் விலகிய கண்ணை மூளை ஒதுக்கிக்கொண்டிருப்பதை அறியாமல் நாம் அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்கிறோம். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வருமே என்று தயங்கும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். பள்ளியிலோ, கண்ணாடி போட்ட பிள்ளையைச் சோடாபுட்டி என்று அழைப்பதும், ஒட்டுப் போட்ட பிள்ளையைக் கேலி செய்வதும் வழக்கமாக இருக்கின்றன. என் பேரன் இரண்டு வாரம் ஒட்டைப் பையில் ஒளித்துவைத்துக்கொண்டான். அவனுடைய வகுப்பாசிரியை ஒரு நாள் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். எவராலும் எளிதில் முடியவில்லை. அதன் பிறகு யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. அந்த ஆசிரியைக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்படி அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவக் குழுவினர் பரிசோதிக்க வேண்டும். பார்வைக் குறைபாடும் பிறவிக் கண்புரையும் அந்தப் பட்டியலில் உள்ளன. திட்டம் நல்ல திட்டம். அது நடக்கும்போது ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்கிறார்களா என்பதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும். குழந்தை தன் கையால் கண்ணை மூடினால் விரலிடுக்கு வழியே பார்த்துவிடும். இதில் பொய் எதுவும் இல்லை, நன்றாகத் தெரியும் கண்ணைத் தேடி மூளை தானாகவே போகிறது. அட்டையாலோ ஒட்டாலோ பெரியவர் ஒருவர் மூட வேண்டும். எழுத்தறியாத மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு, ஆங்கில ஈ எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று விரலால் காட்டச் சொல்லும் அட்டையும் படங்களைப் பொருத்தும் அட்டையும் உண்டு. அதற்கும் சிறிய குழந்தையாக இருந்தால், ஒரு கண்ணை மூடும்போது பேசாமல் இருந்துவிட்டு மற்றக் கண்ணை மூடும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிடுகிறதா என்று தாய் வீட்டிலேயே பார்க்கலாம். புகைப்படத்தில் ஒரு கண்ணின் பாவை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அது கண்புரையாகவும் இருக்கலாம், விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரைப் பரிசோதனையைப் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே செய்தாக வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர் பக்கத்தில் வெளியிட்ட கண்ணின் படத்தை அடுத்த வாரம் மீண்டும் வெளியிட்டு, அதிலிருந்து மூளையின் பின்பகுதிவரை பார்வைச் செய்தி செல்லும் பாதையையும் சேர்த்து வரைந்து காட்டுங்கள். அதன் பக்கத்திலேயே ஒரு பெருக்கல் குறியையும், 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறு புள்ளியையும் அச்சிடுங்கள். குருட்டுப்புள்ளியைக் கண்டுபிடிக்கும் ஆசையில் பிள்ளைகள் ஒரு கண்ணை மூடுவார்கள். பிறகு மற்றக் கண்ணை மூடுவார்கள். இரண்டாவது முறை எந்தக் குழந்தையாவது, தாளில் ஒன்றும் இல்லையே என்று சொன்னால், மறுநாளே அதைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகும்படி பெற்றோருக்கு ஒரு வரியும் அதன் கீழே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.